ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேற்று மேற்கு மாம்பலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தால், எனக்கு முன்னால் வந்தவரின் சாட் எல்லாம் அப்படியே தெரிந்தது. நானே லாக் அவுட் செய்துவிட்டு வந்தேன்.

உங்கள் போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: வாட்ஸ்அப், மூன்று புள்ளி, அப்புறம் 'லிங்க்டு டிவைசஸ்'. தெரியாத கணினி இருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட் கொடுங்கள்.

இறக்கிய ஆதார் பிடிஎஃப் கடைக் கணினியிலேயே கிடக்கும். வெறும் டெலீட் போதாது, ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலீட்டை அழுத்துங்கள். இ-ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு உண்டே என்கிறீர்களா? பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தானே அது, கடைக்காரருக்கே மனப்பாடம்!

புரியாதவர்கள் ஞாயிறு காலை போனோடு கீழே பார்க்கிங்குக்கு வாருங்கள்.