ஷட்டர் இறங்கிய பிறகு பார்க்கும் வேலையையும் கணக்கில் எழுதுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு வணக்கம்.

நான் வேலை பார்க்கும் கடையில் சென்ற வாரம் ஒரு புது வழக்கம் தொடங்கியிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் கீழே வந்து வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைத்துவிட்டு, மறுபடியும் மாடியேறித் துணி மடிக்க வேண்டும். இயந்திரத்தின் கணக்குப்படி நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். இது ஒரு கடையோடு நிற்காது என்பதால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பட்டுப் பிரிவில் ஒரு கல்யாண வீட்டார் வந்து அமர்ந்தால் இருபது, முப்பது புடவைகளையாவது விரித்துக் காட்ட வேண்டும். நான்கைந்து பில்லுக்குப் போகும்; மீதியை எல்லாம் ஜரிகை முறியாமல், பழைய மடிப்புத் தடத்திலேயே மடித்து, முந்தி வெளியே தெரியும்படி அடுக்க வேண்டும். மடிப்புப் பிசகினால் மறுநாள் காலையில் அத்தனை பேர் முன்னிலையிலும் சூப்பர்வைசர் கேட்பார். காலை முதல் நின்ற கால்களோடு, குலசேகரம் போகும் கடைசிப் பேருந்து வடசேரியை விட்டுப் புறப்பட்டிருக்குமோ என்ற பதைப்போடு இதைச் செய்கிறோம். பேருந்து தவறினால் அன்றைய சம்பளத்தில் பாதிக்கு மேல் ஆட்டோவுக்குப் போய்விடும்.

நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், மிகுதி நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல; தெரிந்ததால்தானே இயந்திரத்துக்கு இந்தப் புது வேலை வந்தது? பணியாளர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் அதே சட்டத்தில் சேர்த்தார்கள். இருக்கைகளும் வந்தன. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் கவுண்டருக்குப் பின்னாலும், மற்ற நாள்களில் மாடிப்படிக்கு அடியிலும் அவை இருக்கின்றன. வாசல் கண்ணாடிக்குள் பட்டுடுத்திய பொம்மை மட்டும் நாள் முழுக்க நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. அதற்குக் கால் வீங்கிவிடக் கூடாதே என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள் போலும்.

வேலையை விட்டு நிற்பவர்களைப் பற்றி, இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்பு வணங்காது என்று கல்லாவில் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழுகிறது. பல ஆண்டுகள் பட்டுப் பிரிவில் நின்ற அக்கா ஒருவர் அண்மையில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்குப் போய்விட்டார். தோட்டெண்ணெய் பட்டுக் கை கறுக்கிறது, கூலியும் குறைவுதான், ஆனாலும் பிள்ளைகள் தூங்கும் முன் வீட்டில் இருக்கிறேன் என்கிறார். அவருக்குமா உடம்பு வணங்கவில்லை?

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். ஓணம் முடிந்தால் தீபாவளி, பிறகு கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ் என்று ஆண்டின் மீதி மாதங்கள் எல்லாம் நமக்குச் சீசன்தான். கூட்டம் வரட்டும், வியாபாரம் பெருகட்டும். நாங்களும் அதையே விரும்புகிறோம். கடைசிப் புடவையை அடுக்கிய பிறகு விரல் வைக்க அனுமதியுங்கள். அந்த நேரத்துக்குரிய கூலியைச் சம்பளத்தோடு சேர்த்துத் தாருங்கள். ஓணக் கூட்டம் தொடங்கும் முன்பே இதை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவு விற்பனைப் பணியாளர் ஒருவர்,
நாகர்கோவில்.