வலியோடு வாத்தியம் வாசிப்பது சாதகம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி வந்தால் உங்கள் நாளிதழில் கச்சேரிப் பட்டியலும் விமர்சனமும் தவறாமல் வருகின்றன. வாத்தியம் வாசிப்பவர்களின் கையைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை.

நான் 22 வருஷமாக வீணை வாசிக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், கச்சேரிக்காக ஒரே சங்கதியை (பாட்டின் ஒரு வரியை மாற்றி வாசிக்கும் விதம்) திரும்பத் திரும்ப வாசித்ததில் இடது முழங்கைக்குக் கீழே வலி ஆரம்பித்தது. காந்தார ஸ்வரத்தை இழுக்க இரண்டு விரலையும் சேர்த்துத் தந்தியை அழுத்தினாலே நரம்பு சுண்டி இழுத்த மாதிரி இருக்கும். காலையில் காபி டம்ளரைத் தூக்க வலது கையைத்தான் நீட்டுவேன். மூத்தவர் ஒருவரிடம் சொன்னேன், "இன்னும் சாதகம் பண்ணு, பழகிடும்" என்றார். சாதகம் என்றால் வாசித்துப் பழகும் பயிற்சி. தைலம் தடவி, வலி மாத்திரை போட்டு எட்டு மாதம் ஓட்டினேன். அந்த எட்டு மாதம்தான் என் கையைக் கெடுத்தது.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீணையை எடுத்து வரச் சொல்லி, வாசிக்கவும் சொல்லிப் பார்த்தார். தோள் தூக்கியிருக்கிறது, மணிக்கட்டு மடங்கியிருக்கிறது என்றார். இரண்டு வாரம் வீணையைத் தொடவில்லை, அப்புறம் நாளைக்கு இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிஷம். மறுநாள் காலை வலி இல்லாவிட்டால்தான் இன்னும் இரண்டு நிமிஷம் கூட்டலாம். கூடவே சின்ன எடையை வைத்துப் பயிற்சி. தந்தி, அதற்குக் கீழே இருக்கும் உலோக மெட்டுகளிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றதால் வீணைக்குப் புதிதாக மேளம் கட்டினேன், அதாவது மெட்டுகளை மெழுகில் திரும்பப் பதிக்க வைத்தேன், அதிலேயே பாதி பாரம் குறைந்தது. முழுக்கச் சரியாக ஆறு மாதம் ஆயிற்று. வீக்கத்துக்கு ஊசி போட்டால் கொஞ்ச நாள் அடங்கும், வாசிக்கும் விதம் மாறாவிட்டால் திரும்ப வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசிக்கும்போது வலியே இல்லாமல் விரல் தானாக மடங்கினால் அது வேறு விஷயம், மூளையிலிருந்து வருவதாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960களில் வலது கை விரல்கள் இரண்டு அப்படி மடங்கிப்போயின. பல வருஷம் இடது கைக்கென்று எழுதிய இசையை வாசித்தார், 1990களில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டது, திரும்ப இரண்டு கையாலும் வாசிக்க உதவியது.

பந்து வீச்சாளருக்குத் தோள் வலித்தால் மைதானத்துக்கே பிசியோ ஓடி வருகிறார். மிருதங்கக்காரருக்கு மணிக்கட்டு வீங்கினால் அதை மறைத்துக்கொண்டு மேடை ஏறுகிறார், தெரிந்தால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்களே என்ற பயம். சொல்லிக்கொடுப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை பிள்ளைகளின் கையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், வலிக்கிறது என்றால் அதட்டாதீர்கள். இந்த மார்கழியில், விமர்சனப் பக்கத்தின் ஓரத்திலாவது, கை மருத்துவம் தெரிந்த ஒருவரை எழுத வையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வீணை ஆசிரியை,
சென்னை