போளூர் நண்பருக்கு

நாகர்கோவில்

அன்புள்ள கதிரேசனுக்கு,

கண் அறுவைக்குப் பின் நீ உன் கையாலேயே மூன்று பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கும் கமலத்துக்கும் பெரிய நிம்மதி.

வதந்தி பரவும்போது இணையத்தை நிறுத்தினால் என்ன தப்பு, உயிரைவிடப் பேச்சுரிமை பெரிதா என்று கேட்டிருக்கிறாய். 2018 மே மாதம் உங்கள் போளூருக்குப் பக்கத்து அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக, வாட்ஸப்பில் பரவிய பிள்ளை பிடிப்பவர் வதந்தியை நம்பியவர்களால் அடித்துக் கொல்லப்பட்டதை அருகிலிருந்து அறிந்தவன் நீ. அந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் அதே மாதம் இங்கே நடந்ததையும் கேள். 13 உயிர்களைக் கொண்டுபோன தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், அமைதி காக்கவென்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். அன்று வடசேரி பேருந்து நிலையத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்த நடத்துநர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டோம். ஒருவர் பத்து என்றார், இன்னொருவர் ஐம்பது என்றார். சரிபார்க்க வழியில்லாததால் ஐம்பதுதான் ஊருக்குள் போயிற்று. வதந்தியைத் தடுக்கச் செய்த காரியம் எங்களுக்கு வதந்தியை மட்டுமே மிச்சம் வைத்தது.

1950 மார்ச்சில் சென்னை அரசு, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழை, 'பொதுப் பாதுகாப்பு' என்ற காரணம் காட்டித்தான் மாநிலத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் பதஞ்சலி சாஸ்திரி. மறு ஆண்டே அரசமைப்பின் முதல் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்பதையும் கட்டுப்பாட்டுக்கான காரணங்களில் சேர்த்துவிட்டது உண்மைதான். ஆனால் பேச்சுக்கு விதிக்கும் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் உள்ளே வந்தது. என் பிடிப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல்தான்.

பொய்யைத் தெரிந்தே பரப்பியவரையும் அடித்தவர்களையும் பிடித்து வழக்கு நடத்துவது நியாயம். ஆபத்து யாரால், எங்கே, எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டாமல், நோயாளியின் மகனுக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் சேர்த்து மூன்று மாவட்டங்களின் வாயைக் கட்டுவதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த நாட்களில் உங்கள் தெருவுக்கு யாராவது வந்து, அது பொய்ச் செய்தி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்களா? நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சிவதாணு