புரொஃபைல் நிறுவினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கணினியில் கலர் புரொஃபைல், அதாவது திரையிலோ அச்சிலோ நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு, நிறுவுவது பற்றிய கட்டுரை படித்தேன். விண்டோஸில் அந்த ஐசிசி வகைக் கோப்பை வலது கிளிக் செய்து நிறுவலாம்; மேக்கில் கலர்சிங்க் ஃபோல்டருக்குள் இருக்கும் புரொஃபைல்ஸ் ஃபோல்டரில் போட்டால் சரி. அரை நிமிட வேலை. தலைவலி அதற்கப்புறம்தான்.

அச்சு வடிவமைப்பாளரான என்னிடம் வரும் செய்தித்தாள் விளம்பரப் படங்கள் பல, வழவழப்பான ஆர்ட் தாளுக்குரிய ஃபோக்ரா 39 புரொஃபைலில் இருக்கின்றன. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளும் (ஒவ்வொன்றும் 100 வரை) ஓரிடத்தில் சேர்ந்து 300 சதவீதம் போனாலும் ஆர்ட் தாள் தாங்கும். செய்தித்தாளுக்கு 240 சதவீதம்தான் உச்சவரம்பு. மீறினால் நிழல் பகுதி சேறாகிவிடும். இங்கே படத்துக்கு வேறு புரொஃபைலை ஒட்ட மட்டும் செய்யும் ‘அசைன்’ கொடுத்துப் பயனில்லை, திரைத் தோற்றம்தான் மாறும், மை அளவு மாறாது. மை அளவையே புதிய புரொஃபைலுக்கு ஏற்ப மாற்றும் ‘கன்வர்ட்’ வேண்டும், முடிந்தால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி அளவுகளில் உள்ள) மூலப்படத்திலிருந்தே.

உங்கள் விளம்பரப் பிரிவு, எந்த புரொஃபைல் வேண்டும் என்று விளம்பர அளவு விவரத்துக்குக் கீழே ஒரு வரி அச்சிட்டால் எங்களுக்கு ஊகிக்கும் வேலை மிச்சம்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்பாளர் ஒருவர்