தொட்டியில் இருப்பவை உயிர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலாற்றில் தோல் ஆலைக் கழிவுநீர் கலப்பது பற்றிய செய்தியில், ‘சுத்திகரிப்பு நிலையம் சரியாக இயங்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். பல ஆலைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் 19 வருடம் ஷிஃப்ட் ஆப்பரேட்டராக இருந்தவன் நான். அது ஏன் இயங்காமல் போகிறது என்பதையும் எழுத வேண்டும்.

காற்றூட்டும் தொட்டியில் அழுக்கைத் தின்பது பாக்டீரியா. தினமும் காலையில் தொட்டி நீரை ஒரு லிட்டர் சிலிண்டரில் மொண்டு வைத்து, அரை மணி நேரம் கழித்துப் பார்ப்பேன். பாக்டீரியா நிறைந்த சேறு பழுப்பு நிறத்தில் திரண்டு அடியில் படிந்து, மேல் தண்ணீர் தெளிந்திருந்தால் அன்றைக்கு நிம்மதி.

ஒரு திங்கட்கிழமை அது படியவே இல்லை. சிலிண்டர் முழுக்கக் கலங்கல், தொட்டி மேல் நுரை. உள்ளே வரும் தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு; 7 என்றால் நடுநிலை) 4, அதாவது அமிலம். ராத்திரி யாரோ, பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் ‘பிக்கிள்’ அமிலத் தண்ணீரை அப்படியே திறந்துவிட்டிருக்கிறார்கள். வரும் தண்ணீரைக் கலந்து சமப்படுத்த வேண்டிய தொட்டியில் பாதிக்கு மேல் சேறு, அதனால் அதுவும் தாங்கவில்லை. பக்கத்து நிலையத்திலிருந்து டேங்கரில் உயிருள்ள பாக்டீரியாச் சேறு கொண்டுவந்தோம். சாணம் கரைத்து ஊற்றினோம், யூரியாவும் டி.ஏ.பி.யும் போட்டோம். பாக்டீரியா மறுபடி பிழைக்க மூன்று வாரம் ஆனது. அந்த நாட்களில் வெளியே போன தண்ணீரை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. திறந்துவிட்டது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. எல்லா ஆலைத் தண்ணீரும் ஒரே குழாயில்தானே வருகிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. தோலில் முடி நீக்கிய சுண்ணாம்புத் தண்ணீரில் சல்ஃபைடு உண்டு. அதில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். மேன்ஹோலில் இறங்குகிறவர் உயிரோடு ஏறுவது நிச்சயமில்லை.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, ஒரே குழாயில் வரும்போது மாசுபடுத்தியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒவ்வொரு ஆலையின் வெளிக்குழாயிலும் பி.எச்., ஓட்ட அளவு இரண்டையும் இரவு பகலாகப் பதியும் மீட்டர் வேண்டும். தோலைப் பதனிட்ட குரோம் தண்ணீரைப் பொதுக் குழாயில் விடாமல் தனியே பிரித்து மீட்க வேண்டும். தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. அதனால் தோலை ஊறவைக்கும் முன்பே உப்பைத் தட்டி எடுத்தாக வேண்டும். அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பகலில் மட்டும் மாதிரி எடுப்பதில் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து எடுக்கட்டும்.

ஓய்வுபெற்ற சுத்திகரிப்பு நிலைய ஆப்பரேட்டர்,
வேலூர்