பத்தாம் நாள்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகள்,

"பத்து நாளாகக் குளிசை போடுறன் அம்மா, பதகளிப்பு அப்படியேதான் இருக்கு, வயிற்றைப் பிரட்டுறதுதான் மிச்சம்" என்று நேற்று இரவு போனில் சொன்னாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் விரிவாகக் கதைக்கவில்லை.

பத்து நாள் காணாது மகள். உனக்குத் தந்த செர்ட்ரலின் வேலை காட்ட நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். பிரட்டல் முந்தி வரும், பலன் பிந்தி வரும். அதனால்தான் பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட கையோடு போட்டுப் பார். தொடக்கத்தில் பதட்டம் கொஞ்சம் கூடுவதும் உண்டு. ஆனால் உயிரை மாய்க்கும் எண்ணம் ஏதும் தலைகாட்டினால், நேரகாலம் பாராமல் டொக்டருக்கும் எனக்கும் சொல்ல வேண்டும். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தாலும் கதைக்க ஆள் உண்டு.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. சுனாமிக்கு அடுத்த வருசம், 2005இல், நானும் கிளினிக்குக்குப் போனேன். உனக்கு அப்போது நாலு வயது. இரவில் கடல் இரைந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். குளிசை போட்டு ஐந்தாம் மாதம் நன்றாக நித்திரை வந்தது. "இன்னும் அந்த விசர்க் குளிசை போடுறியா?" என்று தெரிந்த ஒருவர் கேட்டார். வெட்கத்தில் அன்றைக்கே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் கிணற்றடியில், வாளி பாதி ஏறும்போது, தலைக்குள் சுரீர் சுரீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அடுத்த கிழமையே பழைய பயமும் வந்துவிட்டது. டொக்டர் ஏசவில்லை. திரும்பத் தொடங்கி, சுகமான பிறகும் பல மாதம் தந்து, கடைசியில் அவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நீ சுகம் வந்ததென்று நீயாக நிறுத்தாதே. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடவும் வேண்டாம்.

அப்புறம் உன் கோப்பி. பின்னேரம் நாலு மணிக்குக் குடிப்பதில் பாதி, இரவு ஒன்பது பத்துக்கும் உடம்பில் நிற்கும். அது நெஞ்சைப் படபடக்க வைக்க, நீ அதைப் பயம் என்று நினைத்து மேலும் பயப்படுவாய். ஒரேயடியாக விட்டால் தலையிடிக்கும், மெல்லக் குறை. மத்தியானத்துக்குப் பிறகு மல்லித்தண்ணி போதும்.

நித்திரைக்கும் எழும்புவதற்கும் ஒரே நேரம் வை. போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வை. ஒபிஸ் விருந்துகளில் மது வேண்டாம். பெரியம்மா அனுப்பும் லேகியத்தை டொக்டரிடம் காட்டாமல் தொடாதே.

என்னை நிமிர்த்தியதில் பாதி நடைதான் என்று இன்றும் நம்புகிறேன். விடிய ஐந்தரைக்கு அப்பா என்னைப் பழைய கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போவார். முதல் கிழமை பாதிப் பாலத்தோடு திரும்பிவிடுவேன். அங்கே தோணியில் நின்று வலை வீசுகிறவரைப் பார்த்துத்தான் மூச்சு விடப் பழகினேன். அவர் வலையைக் கையில் சேர்க்கும்போது மூச்சை இழுப்பேன். வீசிய வலை விரிந்து, விளிம்பு முழுவதும் வாவிக்குள் தாழும் வரைக்கும் மெல்ல மெல்ல விடுவேன். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸுக்குள் நெஞ்சு அடித்தால் செய்து பார். கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போல உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீ வெள்ளவத்தைக் கடற்கரையோரம் பத்து நிமிடத்தில் தொடங்கு.

அப்பாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டாய். சொல்லு மகள். அன்றைக்குப் பாலத்தில் ஒரு நாளும் அவசரப்படுத்தாமல் என்னோடு நடந்தவர் அவர்.

அடுத்த கிளினிக் திகதியை அனுப்பு. முதல்நாள் இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்குவேன். நீ ஸ்டேசனுக்கு வரவேண்டாம், நித்திரை கொள்ளு.

அன்புடன்,
அம்மா