அந்த விரிசலை வெட்டிப் பார், கண்ணு

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். சித்தப்பா விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை நினைத்து நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே. அக்கா வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நைட் ஷிப்ட் முடிந்து வந்து வெறும் டீயோடு படுத்துவிடாதே. போன் செய்தால் "அப்புறம் பேசுறேன்ப்பா" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. வேலையில் ஏதாவது என்றால் அம்மாவிடம் சொல்வதை என்னிடமும் சொல்லலாம். அம்மா எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

உங்கள் கம்பெனியில் இ.என்.24 ஷாஃப்ட் நிறைய ஓடும் என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். நல்ல ஸ்டீல் அது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் இருப்பதால் தடித்த ஷாஃப்ட்கூட உள்வரை ஹார்டன் ஆகும், அதாவது இறுகிக் கெட்டியாகும். சூடாக்கி முக்குவதற்குத் தண்ணீர் வேண்டாம், ஆயிலே போதும். ஆனால் ஆயிலிலிருந்து எடுத்த பிறகு அது காத்திருக்காது. 840 டிகிரியில் கரைந்திருந்த கார்பன் வெளியே வர நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, 300 டிகிரி வாக்கில் மார்ட்டென்சைட் என்ற மிகக் கெட்டியான அமைப்பாகத் தொடங்குகிறது, ஆகும்போது உப்புகிறது. தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகு உப்பி அந்தத் தோலை இழுக்கும். கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் சி-யில் 55 காட்டும் அந்த நிலையில் ஷாஃப்டுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. கீவே, அதாவது சாவி உட்காரும் பள்ளம், அதன் மூலை கூராக இருந்தால் அங்கேதான் திறக்கும். ஆயில் டேங்கில் ஒன்றும் தெரியாது, ரேக்கில் கிடக்கும்போது ராத்திரி "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் கை தாங்குகிற சூட்டுக்கு வந்ததும் டெம்பரிங் ஃபர்னஸில், மறுபடி சூடாக்கிப் பதப்படுத்தும் உலையில், ஏற்றச் சொல்வது. 600-க்கு மேல் டெம்பர் செய்தால் கார்பன் பொடிப்பொடி கார்பைடாக வெளியே வந்து, ஹார்ட்னஸ் 30, 35-க்கு இறங்கி, ஷாஃப்ட் அடி தாங்கும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ படித்தவள், நான் ஃபர்னஸ் முன்னால் நின்று கற்றுக்கொண்டவன். நீ முதன்முதலில் எடுத்துவந்த மைக்ரோஸ்கோப் படத்தை, ஊசி ஊசியாக மார்ட்டென்சைட் தெரியுமே, அதை இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் யாரோ சத்தம் போட்டதற்கு வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா?

சரி, அம்மா சொல்லித்தான் தெரியும். ஷாஃப்டுகள் கிராக் விட்டதற்கு உன்னைத்தான் குறை சொல்கிறார்களாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

கிராக் விட்ட ஷாஃப்டுகளை ஸ்க்ராப்புக்கு அனுப்பிவிட்டார்களா? அனுப்பியிருக்காவிட்டால் இரண்டை எடுத்துத் தனியாக வை. உன் பெயர் எழுதி, பூட்டி வை. கிராக்கைத் திறந்து உள்முகத்தைப் பார். கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் டெம்பரிங்குக்கு முன்பே விட்ட கிராக், திறந்த வாயோடு ஃபர்னஸுக்குள் போயிருக்கிறது. பளிச்சென்று இருந்தால் பிறகு விட்டது, கிரைண்டிங்கைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை குறுக்கே வெட்டு. தண்ணீர் விட்டு மெதுவாக வெட்டு, சூடேறினால் ஸ்ட்ரக்சரே மாறிவிடும். பேக்கலைட்டில் பதித்து மவுன்ட் செய்து, பாலிஷ் போட்டு, நைட்டால் என்ற அமிலக் கரைசலில் சில நொடிகள் வை. கிராக்கின் இரண்டு கரையிலும் வெள்ளையாக ஃபெரைட், அதாவது கார்பன் அநேகமாக இல்லாத இரும்பு, ஓடுகிறதா பார். ஓடினால் கார்பன் அங்கே எரிந்து போயிருக்கிறது. ஹார்டனிங்குக்கு முன்பே, கம்பியிலோ ஃபோர்ஜிங்கிலோ இருந்த கிராக் அது. அதற்கு நீ எப்படிப் பொறுப்பு?

வெள்ளை இல்லாவிட்டால் லாக் புத்தகத்துக்குப் போ. கடைசி ஷாஃப்ட் ஆயிலை விட்டு எப்போது வந்தது, டெம்பரிங்கில் எப்போது ஏறியது, இந்த இரண்டு நேரத்தையும் பார். ஷிப்ட் மாறும்போதுதான் ஷாஃப்ட் அடுக்கிய தட்டு டெம்பரிங்குக்குப் போகாமல் அப்படியே கிடந்துபோகும். சனிக்கிழமை ராத்திரி லோடா என்றும் பார். இந்த இடைவெளியை மட்டும் விடாதே கண்ணு. ஹார்ட்னஸ் சரியாக இருந்தது என்று சொல்வார்கள், அது போதாது. கிராக் விட்ட ஷாஃப்டும் டெம்பர் ஆன பிறகு 32 காட்டும்.

இதைப் பார்க்காமல் எதையும் எழுதிக் கொடுக்காதே. ராஜினாமாவும் வேண்டாம், தப்பு என்னுடையது என்று மெயிலும் வேண்டாம். பார்த்த பிறகு உன் ஷிப்டிலேயேதான் தட்டு கிடந்தது என்று தெரிந்தால் தலை நிமிர்ந்து சொல், நேரத்தோடு சொல். நான் உன் பக்கம்தான். அதை மறைக்க வேண்டிய வீட்டில் நீ வளரவில்லை.

இவ்வளவு நாள் என்னிடம் சொல்லாமல் இருந்தது எனக்குக் கஷ்டம்தான். இந்தத் தொழிலில் முப்பது வருஷமாகக் கிடக்கிற அப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்?

படம் எடுத்தால் நூறு மடங்கில் ஒன்று, ஐந்நூறில் ஒன்று எடு. கிராக்கின் நுனியும் தெரியட்டும், நடுவை மட்டும் எடுக்காதே. வாட்ஸப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறது, மெயிலில் அனுப்பு. அனுப்பிவிட்டு ஒரு போன் செய், நான் எடுப்பேன். அதற்கு முன்னால் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா